ராயபுரத்திலிருந்து லூர்துக்கு, மாத்திரைப் பெட்டியோடு

லூர்துக்குப் போகப்போகிறோம் என்று ராயபுரத்தில் ஒருவர் சொன்னால், கேட்பவர் அடுத்துக் கேட்பது "யாருக்கு உடம்பு முடியல?" என்பதுதான். வேளாங்கண்ணிக்குப் போகக் காரணம் வேண்டியதில்லை. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி நடந்தே கிளம்புகிறவர்கள் எங்கள் தெருவில் வருஷா வருஷம் உண்டு. லூர்து மாதாவைத்தான் பார்க்க வேண்டும் என்றாலும் பெரம்பூர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பிப்ரவரி 11 திருவிழாவுக்கு வடசென்னையின் பாதி குடும்பங்கள் வந்துவிடும். இத்தனையையும் தாண்டி பிரான்ஸ் வரை ஒருவர் போகிறார் என்றால், வீட்டில் படுத்திருக்கிற யாரையோ கூட்டிக்கொண்டு போகிறார் என்று அர்த்தம்.

என் அத்தைக்குப் பார்க்கின்சன். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து, தெருத் தெருவாக விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். முதலில் வலது கை நடுங்கத் தொடங்கியது. பிறகு நடை சிறுத்தது. வாசற்படிக்கு வந்ததும் கால் அப்படியே நின்றுவிடும். அடுத்த அடி எடுத்துவைக்க வராது. 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் சென்னைக்கு வந்தபோது கூட்டத்தில் முண்டியடித்துப் போய்ப் பார்த்தவர் அத்தை. அதே போப், பார்க்கின்சன் முற்றித் தளர்ந்திருந்த நிலையில், 2004 ஆகஸ்டில் லூர்துக்குப் போனார். அவருடைய கடைசி வெளிநாட்டுப் பயணம் அதுதான். "அவருக்கும் இதே நோவுதானே கண்ணு. அவரே போயி அந்தக் கெபி முன்னால முட்டி போட்டாரு. நானும் ஒரு வாட்டி போயிட்டு வந்துடறேன்" என்றார் அத்தை. மறுக்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.

லூர்தின் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்துச் சிற்றூர் அது. 1858 பிப்ரவரி 11இல் பெர்னதெத் சூபிரூ என்ற 14 வயது ஏழைப் பெண் விறகு பொறுக்கப் போன இடத்தில், ஆற்றோரப் பாறைக் குகையில் (அதைத்தான் கெபி என்கிறோம்), வெண்ணிற ஆடை உடுத்திய ஒரு பெண்ணைக் கண்டாள். ஜூலை 16 வரை 18 முறை அந்தக் காட்சி கிடைத்தது என்று திருச்சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிப்ரவரி 25 அன்று அவள் கையால் தோண்டிய சேற்றிலிருந்து கிளம்பிய ஊற்றுதான் இன்றைக்கும் குழாய்களில் வருகிறது. பெர்னதெத்துக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. பிறகு எலும்பில் காசநோயும் சேர்ந்துகொண்டது. 1879இல், 35 வயதில், லூர்தை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் இறந்தாள். ஊற்றைத் தோண்டியவளுக்கே அந்தத் தண்ணீர் உடம்பைச் சரிசெய்து தரவில்லை. நோயாளியோடு லூர்துக்குக் கிளம்புகிற ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலேயே உட்கார்ந்து பேசித் தெளிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நாங்கள் பேசினோம். அத்தை அமைதியாகக் கேட்டுவிட்டு, "எனக்குக் குணமாவலன்னா மாதா பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் வேலையைத் தொடங்கினோம்.

மீன்கூடை சுமந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் எடுப்பது லேசான காரியமல்ல. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஆங்கில எழுத்து மாறி இன்னொன்று. முதலில் ஆதாரைத் திருத்தி, அதே எழுத்தில் வங்கிப் புத்தகத்தையும் மாற்றி, அதன் பிறகே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். இந்த வரிசை முக்கியம். பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறொரு பெயரும் இருந்தால் விசா கட்டத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். பிரான்சுக்குத் தேவைப்படுவது ஷெங்கன் விசா. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். கெடுவை நம்பி இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் கோடை நெருங்க நெருங்க விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பாடாகிவிடும். கட்டணம் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது.

வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். எங்கள் பகுதிக் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். காசிமேட்டு ஏலத்தில் கையில் வாங்கி கையில் கொடுக்கிற பணம், சீட்டில் போட்டு எடுக்கிற பணம், எதுவும் வங்கி வழியாக வராது. விசாவுக்காகக் கடைசி வாரத்தில் யாரிடமோ கடன் வாங்கி ஒரு பெரிய தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டினால், அதைப் பார்த்தே சந்தேகப்படுவார்கள். போக வேண்டும் என்று முடிவெடுத்த மாதத்திலிருந்தே சீட்டுப் பணத்தையும் மகன் கொடுக்கிற பணத்தையும் வங்கியில் போட்டுவரச் சொல்லுங்கள். செலவை ஏற்பது மகனோ மருமகளோ என்றால் அவர்களுடைய சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, உறவைக் காட்டும் சான்று, நான் செலவு செய்கிறேன் என்ற கடிதம் எல்லாம் வேண்டும். ஆலயத்திலிருந்து பங்குத்தந்தை கொடுக்கிற கடிதத்தையும் சேர்த்து வைத்தோம். எங்கள் ராயப்பர் கோயிலை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியவர்கள் துறைமுகத்துப் படகோட்டிகள். கடலை நம்பிப் பிழைத்தவர்கள் கட்டிய கோயிலின் கடிதத்தோடு கடல் கடந்து போவதில் அத்தைக்குத் தனிப் பெருமை.

விசா மையத்தில் பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். வருஷக்கணக்கில் ஐஸையும் செதிலையும் கத்தியையும் கையாண்ட விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது, போதாததற்கு நடுக்கம். கண்ணாடித் தட்டில் கை நிற்கவே இல்லை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அத்தையின் கை ஓரளவு அடங்கும் என்பது தெரிந்து, அந்த நேரத்துக்கு ஒத்துவருகிற மாதிரி மையத்தில் நேரம் வாங்கியிருந்தோம். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் விரல்களில் கிரீம் தடவிவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகத் திரும்பத் திரும்ப எடுத்தார். இடது கையில் நான்கு விரலும் பதிந்தபோது அவரே "அம்மா, வந்துடுச்சு" என்று சிரித்தார்.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெருசலேம் புனிதப் பயணத்துக்குத் தமிழக அரசு மானியம் தருகிறது, லூர்துக்குக் கிடையாது. முழுச் செலவும் குடும்பத்தின் தலையில்தான். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ இந்தப் பயணம் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வந்த பிறகு மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் தேவைப்படுகிற பணம் அது. கையில் அவ்வளவு இல்லையென்றால் பெரம்பூர் இருக்கிறது. புதுச்சேரி பக்கத்தில் வில்லியனூர் லூர்து மாதா கோயில் இருக்கிறது. அங்கே கோயிலுக்கு முன்னால் நம்மூர்த் திருக்குளம் போலவே படிக்கட்டு வைத்த குளம் உண்டு. அங்கே போய் மன்றாடுகிற ஜெபமும் ஜெபம்தான். "நிச்சயம் குணம் கிடைக்கும்" என்று நோட்டீஸ் அடித்து ஆள் சேர்க்கிற ஏஜென்ட் ஒருவரும் எங்களைத் தேடி வந்தார். லூர்து திருத்தலமே கொடுக்காத வாக்குறுதியை அவர் கொடுத்தார். அந்த நோட்டீஸை அத்தையின் கண்ணில் படாமல் கிழித்துப் போட்டேன்.

திருத்தலம் என்ன சொல்கிறது என்றால், 1883இலேயே அங்கே ஒரு மருத்துவ அலுவலகத்தைத் தொடங்கிவிட்டார்கள். தனக்குக் குணமானது என்று சொல்கிறவர் அங்கே போய்ப் பதிவு செய்யலாம். எந்த மதத்தைச் சேர்ந்த மருத்துவரும், மதமே இல்லாதவரும், அந்த விசாரணையில் கலந்துகொள்ளலாம். நோய் கடுமையானதா, நோய் இருந்ததற்குச் சான்று உண்டா, குணமானது திடீரென்றா, முழுமையாகவா, நீடித்ததா, சிகிச்சையால் விளக்க முடியுமா என்று வருஷக்கணக்கில் துருவுவார்கள். 7,000க்கும் மேற்பட்ட குணமடைதல்கள் பதிவாகியிருக்கின்றன. திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றுக்கொண்டது 72ஐ மட்டுமே. எழுபதாவதாக 2018இல் ஏற்கப்பட்டவர் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. எழுபத்தொன்றாவது, முதல் உலகப் போரில் காயம்பட்டு 1923இல் லூர்துக்கு வந்த லிவர்பூல்காரர் ஜான் டிரேனருடையது. அது ஏற்கப்பட்டது 2024 டிசம்பரில்தான். நூறு வருஷம் காத்திருந்து பதில் சொல்கிற நிதானம் என்னை மிகவும் கவர்ந்தது. நோயாளியின் பழைய ஃபைலை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி உட்பட, கையோடு எடுத்துப்போக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வழியில் உடம்புக்கு ஏதாவது வந்தால் அங்குள்ள மருத்துவர் கேட்கிற முதல் பொருளும் அந்த ஃபைல்தான்.

எங்கள் தயாரிப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது மாத்திரைக் கணக்கு. பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா நேரம் தவறினால் காலும் கையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். பருப்பும் மீனும் முட்டையும் கூடவே போனால் மருந்து சரியாக ஏறாது. கோடையில் பிரான்ஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மேற்கே பறக்கும்போது பகல் நீண்டுகொண்டே போகும். கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை கொடுத்தால் நடுவில் பெரிய இடைவெளி விழுந்துவிடும். ஸ்டான்லி மருத்துவமனையில் அத்தையைப் பார்க்கிற மருத்துவர், பயண நாளில் கடிகாரத்தை மறந்துவிட்டு, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் காப்பாற்றச் சொன்னார். கூடுதலாக ஒரு வேளை வரும், அது பரவாயில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். இது என் அத்தைக்குச் சொன்னது. உங்கள் வீட்டு நோயாளிக்கு உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, இந்திய நேரம் ஒரு பக்கம், பிரான்ஸ் நேரம் மறுபக்கம் எழுதி, ஜெபமாலை வைக்கிற சின்னப் பையில் சொருகினேன். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு வருகிற நேரத்துக்கும் மாத்திரை நேரத்துக்கும் ஒத்துப்போகவே போகாது. பணிப்பெண்ணிடம் தாளைக் காட்டினேன். தட்டைச் சூடாக எடுத்து வைத்துப் பிறகு கொடுத்தார்.

மாத்திரை முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சரக்கறைப் பெட்டிக்குள் அது உறைந்து கெட்டுவிடக்கூடும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்காவது அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். மருந்தின் மூலப்பெயரை மருத்துவரிடம் கேட்டு, ஆங்கிலத்தில், கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கிவிடுங்கள். கோயிலில் வேண்டிக்கொண்ட பிறகு மாத்திரையை நிறுத்திவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. விசுவாசத்தைக் காட்டுவதாக நினைத்துச் செய்கிறார்கள். பார்க்கின்சன் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அத்தையிடம் இதைச் சொல்ல நான் தயங்கியபோது பங்குத்தந்தையே வீட்டுக்கு வந்து, "மாத்திரை போட்டுட்டுத்தான் மாதாகிட்டப் போவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் என்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கிற பயணக் காப்பீடு கட்டாயம். விசாவுக்கு எடுக்கிற மலிவான காப்பீடுகளில் பல, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் தராது. ரசீது மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், பழைய நோய் திடீரென்று முற்றினால் என்ன செய்வார்கள் என்ற பகுதியை வரிக்கு வரி படிக்க வேண்டும். சற்றுக் கூடுதல் விலைக்கு அதையும் ஏற்கிற காப்பீட்டைத்தான் எடுத்தோம்.

விமானத்தில் சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். டிக்கெட் போடும்போதே சொல்வது இன்னும் நல்லது. நாற்காலி வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. படி ஏறக்கூடியவர், படி ஏற முடியாதவர், இருக்கை வரைக்கும் தூக்கியே போக வேண்டியவர் என்று மூன்று வகை உண்டு. எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது வகை என்று சொன்னதால் விமானம் மாறிய வளைகுடா விமான நிலையத்தில் படிக்கட்டு இறங்கவிடாமல் தூக்கும் வண்டியிலேயே இறக்கினார்கள். பாரிசில் இறங்கியதும் அன்றைக்கே லூர்து ரயிலைப் பிடிக்க நினைக்காதீர்கள். லூர்து ரயில்கள் விமான நிலையத்துக்கு எதிர்க்கோடியில் இருக்கும் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு ராத்திரி பாரிசில் படுத்து எழுந்து போவதுதான் நோயாளியின் உடம்புக்கு நல்லது. ரயிலிலும் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவு செய்யலாம்.

பெட்டி கட்டும்போது வீட்டில் பெரிய விவாதம் நடந்தது சாப்பாட்டுச் சாமான் பற்றித்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, நெய் மைசூர்பாகு எல்லாம் அதில் அடிபட்டுப் போகும். கறிவேப்பிலை, கொய்யா, எலுமிச்சை போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மீனுக்கும் ஒரு அளவு வரைக்கும் தடை கிடையாது. காய்ந்த மீனை 20 கிலோ வரை எடுத்துப்போகலாம். இதைக் கேட்டதும் அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டை வறுத்து, இரண்டு டப்பாவில் இறுக மூடி எடுத்துக்கொண்டோம். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கூட வந்தன. குளிருக்கு உள்பனியன் எம்.சி. ரோட்டில் கிடைத்தது, பிளக் அடாப்டரும் ஃபிளாஸ்கும் பர்மா பஜாரில். குடைக்குப் பதில் மழைக்கோட்டு எடுங்கள். மலையடிவாரமாதலால் எப்போது வேண்டுமானாலும் மழை தூறும். நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு இரண்டு கையும் தேவை. கழிவறையில் தண்ணீர் இருக்காது என்பதால் ஒரு சின்னக் குவளையும் வைத்துக்கொள்ளுங்கள். சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கும். வழிநெடுக அத்தைக்குச் சுடிதார். கெபிக்குப் போகிற அன்றைக்கு மட்டும் அவர் விருப்பப்படி வெள்ளைச் சேலை, மடிப்பெல்லாம் ஊசி குத்தி.

போகும் காலத்தையும் யோசிக்க வேண்டும். முக்கியமான பவனிகள் ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரைக்கும்தான் தினமும் நடக்கும். பிப்ரவரி 11 திருவிழாவுக்கே போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், மலைக்குளிரை நம் கடற்கரை உடம்பு தாங்குமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் கூட்டம் நெரியும். ஆனால் அந்த நாட்களில் பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வருவார்கள். இலங்கையின் மடுமாதாவிடம் கத்தோலிக்கரும் இந்துக்களும் சேர்ந்து போவதுபோல, லூர்துக்கும் நெற்றியில் திருநீற்றோடு வருகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நாங்கள் போனது அதற்கு முன்பு, வெயிலும் இதமாக இருந்த ஜூன் மாதம்.

லூர்து நிலையத்தில் ரயில் நின்றதும் தொண்டர்கள் இருவர் பெட்டி வாசலுக்கே வந்தார்கள். நோயாளிகளுக்கு உதவ வருஷத்தில் ஒரு வாரமோ பத்து நாளோ, தங்கள் சொந்தச் செலவில், உலகெங்கிருந்தும் வருகிறவர்கள் இவர்கள். முழு நேரமும் செவிலியர் பராமரிப்பு தேவைப்படுகிறவர்கள் தங்குவதற்குத் திருத்தலத்துக்குள்ளேயே நோயாளர் இல்லம் இருக்கிறது. மருத்துவப் படிவத்தை முன்னதாக அனுப்பி இடம் கேட்க வேண்டும். அத்தைக்கு அவ்வளவு தேவைப்படாததால் பக்கத்திலேயே லிஃப்ட் உள்ள ஹோட்டலில் தங்கினோம்.

மறுநாள் காலை கெபிக்குப் போக, நீல நிறத்தில் மூன்று சக்கரம் வைத்த, மேலே மடக்குக் கூரை போட்ட ஒரு வண்டி வந்து நின்றது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பிடித்து இழுக்கத் தயாராக நின்றவர் எழுபது வயதை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அத்தை வண்டியைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். உட்கார மறுத்துவிட்டார்.

"எங்க நைனா பீச் ஸ்டேசன்ல இழுத்த கைரிக்‌ஷா மாதிரியே கீது. இவ்ளோ பெரியவரு இழுக்க, நான் குந்திகினு போறதா? வேணாம் கண்ணு, நான் நடந்தே வரேன்."

என் தாத்தாவை நான் பார்த்ததில்லை. 1973இல் கலைஞர் ஆட்சி கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்த வருஷத்தில், அதை ஓட்டக்கூட அவருக்குத் தெம்பு இருக்கவில்லை என்று அப்பா சொல்வார். அந்தப் பெரியவருக்கு அத்தை பேசியது ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் தயக்கம் புரிந்தது. கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு வந்து, இருக்கையிலிருந்த கம்பளியைத் தட்டி விரித்து, அத்தையின் நடுங்குகிற கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தை ஏறி உட்கார்ந்தார். வண்டி பாலம் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டு, "சாப்டாரான்னு கேளு" என்றார். கேட்டேன். சாப்பிட்டுவிட்டாராம்.

கெபியில் பாறை, தொட்டுத் தொட்டுப் போன கைகளால் வழவழப்பாகியிருக்கிறது. ஊற்றை ஒரு கண்ணாடிக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம். தண்ணீர் ஏறக்குறைய 12 டிகிரி. நம் ஊர்த் தண்ணீரில் பழகிய உடம்புக்கு அது ஐஸ். குளியல் தொட்டிகளில் முழுவதும் முங்குகிற வழக்கம் கொரோனாவோடு நின்றது. அதன் பிறகு, தொண்டர் ஊற்றுகிற தண்ணீரில் கையையும் முகத்தையும் கழுவி, உள்ளங்கையில் ஏந்திக் குடிக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். முங்க வேண்டும் என்ற நேர்ச்சையோடு போகிறவர்கள் அன்றைய நிலவரத்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. பார்க்கின்சன், இதய நோய் உள்ளவர்களுக்கு இந்த முறைதான் பொருத்தம் என்பது என் எண்ணம். அத்தையின் கையிலிருந்து பாதித் தண்ணீர் நடுக்கத்தில் சிந்திவிட்டது. தொண்டர் மறுபடி ஊற்றினார். அதுவும் சிந்தியது. மூன்றாவது முறை அந்தப் பெண் தன் கையை அத்தையின் கைக்கு அடியில் கொடுத்து ஏந்திக்கொண்டார்.

மாலை 5 மணிக்கு நற்கருணைப் பவனி, இரவு 9 மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி. இரண்டிலும் நோயாளிகளுக்குத்தான் முதல் வரிசை. ஆயர்களும் குருக்களும் கூட வருவார்கள். ஆனால் பவனியின் முகம் அந்த நீல வண்டிகளும் சக்கர நாற்காலிகளும்தான். நம் ஊர்த் திருவிழாவில் நோயாளியை எங்கே உட்கார வைக்கிறோம் என்று என்னால் அப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. கூட்டத்துக்குப் பயந்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம், கூட்டிவந்தாலும் தூணோரம். லூர்துக்குப் போனதில் எனக்குக் கிடைத்தது இந்தக் காட்சி என்றுதான் சொல்வேன். இதைப் பார்ப்பதற்காகவே நோயாளியை உடம்பு நோகாமல், மருந்து தப்பாமல், கடன்படாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இத்தனை மாதத் தயாரிப்பும் அதற்காகத்தான்.

நடுக்கம் வெளியே தெரியக் கூடாது என்று அத்தை வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பார். பவனியில் அந்தக் கையில்தான் மெழுகுவர்த்தியைப் பிடித்தார். பாட்டின் பல்லவி வருகிறபோதெல்லாம் எல்லோரும் மெழுகுவர்த்தியை உயர்த்துவார்கள். அத்தையும் உயர்த்தினார். காகிதக் கூட்டில் மெழுகு வழிந்தது. பக்கத்து நாற்காலிகளிலும் நடுங்குகிற கைகள் இருந்தன.

திரும்பும்போது தீர்த்தத் தண்ணீரைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக் கொட்டிவிடுவார்கள். மூடியைப் பிளாஸ்டிக் தாளால் கட்டி, துணிக்கு நடுவில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வந்து சேர்ந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பயணக் களைப்பில் மருந்தின் அளவு தள்ளாடும். அத்தைக்கு ஒரு வேளையைச் சற்று மாற்றி எழுதினார்கள். நடுக்கம் முன்பு எப்படியோ அப்படியேதான் இருக்கிறது. கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போகும்போது கை இப்போது முந்தானைக்கு வெளியே இருக்கிறது. மீன் விலையை அந்தக் கையை நீட்டித்தான் பேசுகிறார்.

தெரிந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து "குணமாச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பக்கவாதம் வந்த கணவரை அழைத்துப்போக நினைக்கிற பெண் ஒருத்தி போன வாரம் வந்தாள். அத்தை அவளுக்குத் தீர்த்தத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னைக் காட்டி, "மொதல்ல ஆதார்லயும் பாங்கிலயும் ஒரே பேரான்னு பாக்கச் சொல்லு. அப்பால அந்த மாத்திரைத் தாளை இவகிட்ட எழுதி வாங்கிக்கோ" என்றார். நான் தாளும் பேனாவும் எடுத்துவரப் போனேன்; அதற்குள் அவள் கணவரின் மாத்திரைச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.